மாலாவின் கணவர்

அன்று காலை எழுந்ததும் முதலில் மோட்டாரைப் போட்டேன். தொட்டி நிறைவதற்குள் செய்தி வந்துவிட்டது. ராஜி மிஸ் இறந்துவிட்டார்.

தில்லை நகரில் எங்கள் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் காலை வகுப்பு எனக்கு, மாலை வகுப்பு அவருக்கு. அவரிடம் படித்த உங்களுக்கு ‘கோ’ பாடம் மறந்திருக்காது. மருந்துக்கடையில் வேலை பார்த்த ஒருவர், “யெஸ்டர்டே ஐ கோ, மிஸ்” என்றபோது, “நேத்து போனது போயாச்சு. இன்னும் ஏன் போயிட்டே இருக்கீங்க?” என்றார். அந்த மாணவரும் சேர்ந்து சிரித்தார்.

“ஆள் இல்லாத வாக்கியம் மனசுல நிக்காது” என்பார் ராஜி மிஸ்; எனக்கு அவர் ராஜி அக்கா. அவருடைய வாக்கியங்களில் எப்போதும் யாராவது இருப்பார்கள்.

ஒருநாள் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் சேர்ந்து வந்தோம். மஸ்கட் போன என் கணவர் இரண்டு வருடமாக ஃபோன்கூடச் செய்யவில்லை என்று அவரிடம் சொன்னேன். அவரிடம் மட்டும்தான். தெருவில் கேட்பவர்களிடம், “தீபாவளிக்கு வந்துடுவார்” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் கழித்து, மறந்து வைத்த குடையை எடுக்க மாலையில் சென்டருக்குப் போனேன். படியேறும்போதே வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொல்வது கேட்டது. “மாலாஸ் ஹஸ்பண்ட் வென்ட் டு மஸ்கட். ஹி ஹேஸ் நாட் கம் பேக்.” குடையை எடுக்காமலே இறங்கிவிட்டேன்.

மறுநாள் அக்காவிடம் கேட்டேன்.

“பேரை மாத்திட்டேனே வசந்தி. யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்க்கா.”

அவர் சற்று யோசித்துவிட்டு, “இந்த பேட்ச்ல ஒருத்தர்கூட அந்த வாக்கியத்துல தப்பு பண்ணலை, பாரு” என்றார். அதைப் பாராட்டாகவே சொன்னார். பாடத்தை மாற்றவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் வகுப்பு நேரத்தைப் பற்றித் தவிர வேறெதுவும் பேசவில்லை. அவர் உடம்பு முடியாமல் இருந்தபோதும் நான் பார்க்கப் போகவில்லை.

துக்கத்துக்குப் போன இடத்தில் அவருடைய பழைய மாணவி, ஒரு நர்ஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். “மாலா வீட்டுக்காரர் வந்துட்டாரா மிஸ்னு நாங்க தினமும் கேட்போம். அடுத்த பாடத்துல பார்க்கலாம்னு சிரிப்பாங்க.” நானும் தலையாட்டினேன்.

மாலை வகுப்பையும் எடுக்கச் சொல்லி சென்டரில் அவருடைய ஃபைலை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அதிலிருந்து மாலா வாக்கியங்கள் இருந்த அந்த ஒரு தாளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

மாலை வகுப்பை எடுக்கப்போகிறேன். திங்கட்கிழமை அதே தாளைத்தான் கொடுப்பேன், மாலா என்ற பெயரை அடித்துவிட்டு வசந்தி என்று எழுதி. யாராவது, “வந்துட்டாரா மிஸ்?” என்று கேட்டால், வரவில்லை என்று சொல்லிவிடுவேன்.