மூலையில கூடின குஞ்சுங்க

நீங்க மனசுக்குள்ள சிரிக்கறது எனக்குத் தெரியுது, சிரிச்சிக்கோங்க. பேயி பிசாசெல்லாம் வேலை இல்லாதவங்க பேசற பேச்சுன்னு சொல்லிக்கினு இருந்தவதான் நானும். ஞாயித்துக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போவேன், அதோட சரி.

வல்லம் பக்கத்துல எங்களுக்கு ஒரு கோழி ஷெட்டு இருக்குது. கம்பெனிக்காரங்க பொரிச்சி ஒரு நாள் ஆன குஞ்சா கொண்டாந்து இறக்குவாங்க, நாங்க வளத்துக் குடுக்கணும். நான் சொல்லப்போறதுக்கு முந்தின தடவை எறக்குனதுல பாதி குஞ்சு குளிர்லயே போயிடுச்சி. சூப்பர்வைசர் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாரு, "இந்தத் தடவையும் செத்துச்சின்னா இனிமே உங்க ஷெட்டுக்குக் குஞ்சு கிடையாதும்மா." எங்களுக்கு வேற பொழப்பு ஏது? அதுக்காகத்தான் சூடு எவ்ளோன்னு போன்ல பாக்கற மாதிரி புதுசா ஒரு ஹீட்டர் பெட்டி மாட்டினோம். முப்பத்திமூணு டிகிரின்னு வெச்சிட்டா அதுவே அனல் காத்து விடும், போதும்னா அனல நிறுத்திக்கும்.

போன கார்த்திகையில புயல் மழை. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு மூவாயிரம் குஞ்சு இறக்கிட்டுப் போனாங்க. எங்க வூட்டுக்காரரு வானூருக்குக் கட்டட வேலைக்குப் போனவரு மழையில அங்கியே மாட்டிக்கினாரு. மூணு மணி இருக்கும், குஞ்சுங்க ஒரே கத்தல், ஓடிப்போய் ஹீட்டர்ல கையக் காட்டறேன், வெதுவெதுன்னுதான் காத்து வருது, போன்ல பாத்தா முப்பத்திநாலுன்னு காட்டுது!

பெட்டி மாட்டின மெக்கானிக்கு திண்டிவனத்துக்காரரு, அவருக்குப் போன் போட்டேன். "ரோட்டு மேல தண்ணி போவுதுக்கா, வர முடியாது, நான் சொல்றத பண்ணுங்க"ன்னாரு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். ஃபில்டரக் கழட்டித் தட்டினேன். செட்டிங்க அழிச்சிட்டு மறுபடி வெச்சேன். அதே வெதுவெதுப்புதான். "தம்பி, எல்லாம் செத்துப்போவப் போவுதுப்பா, ஜல்தி எதனா சொல்லு"ன்னு அழுதுட்டேன்.

அப்ப கத்தல் நின்னுச்சி பாருங்க. அவ்ளோ குஞ்சும் ஒரே நேரத்துல. குளிர்ல கத்தற குஞ்சு கம்முனு ஆச்சின்னா கதை முடிஞ்சிச்சின்னு அர்த்தம். திரும்பிப் பாக்கறேன், ஹீட்டர் எட்டாத மூலையில, சாரல் அடிக்கற எடத்துல, எல்லாம் கூடிக்கினு இருக்குது. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நசுங்கிடுமேன்னு ஓடிப்போய்க் கலைக்கக் கைய வுட்டேன். நம்பினா நம்புங்க, கீழ இருந்த உமி சுடுது. ஒண்ணு மேல ஒண்ணு ஏறல, வட்டம் வட்டமா ஒக்காந்து தலைய உள்பக்கமா நீட்டிக்கினு தூங்குதுங்க. நடுவுல ஒரு முறம் அளவு எடம் மட்டும் காலி, அங்க தாய்க்கோழி ஒக்காந்திருக்கற மாதிரி. மிஷின்ல பொரிச்ச குஞ்சுங்க அதுங்க, தாய்க்கோழிய கண்ணால கூட பாத்ததில்ல.

போன்ல அந்தத் தம்பி கத்திக்கினே இருக்காரு, "அக்கா, சூடு பாக்கற ஒயரு எங்க தொங்குது?" அப்பதான் எனக்கு ஒறைச்சிது. குஞ்சு இறக்கினதும் ஷெட்டுல மாட்டியிருக்கற மாதா படத்துக்குப் பெரிய மெழுகுவத்தி ஏத்தறது எங்க பழக்கம். ஒயரு தரையில கெடந்து நனைய வேணாமேன்னு படத்து ஆணியிலதான் சுத்தி வெச்சிருந்தேன். மெழுகுவத்திச் சூட்டை ஷெட்டுச் சூடுன்னு நெனச்சிக்கினு பெட்டி அனல நிறுத்திடுச்சி. என் புத்தியச் செருப்பாலயே அடிக்கணும். ஒயர எடுத்து மாத்திக் கட்டினேன், அஞ்சு நிமிசத்துல அனல் காத்து வந்துச்சி. குஞ்சுங்க மெதுவா எழுந்து தீனிக்குப் போச்சுங்க. ஒண்ணுகூட சாகல.

"ஈர உமி புழுங்கிச் சூடாயிருக்கும்க்கா"ன்னாரு மெக்கானிக்கு. அன்னிக்கிக் காலையில கொட்டின புது உமி அது, அதுக்குள்ள எப்படிப் புழுங்கும்? எங்க தெருவுல மாதா காப்பாத்தினாங்கன்றாங்க. காப்பாத்தினது மாதான்னா எனக்கு ஏன் பயமா இருக்குது?

அந்தக் கோழிங்க வளந்து வண்டி ஏறிப் போச்சி. ஷெட்ட கழுவி, சுண்ணாம்பு அடிச்சி, வேற உமி கொட்டி அடுத்த குஞ்சு இறக்கினோம். ஹீட்டரு நல்லாத்தான் ஓடுச்சி. குஞ்சு வந்த பொட்டியிலேந்து கொட்டினதும் அதுங்க தண்ணிக்குப் போவல, நேரா அந்த மூலைக்குப் போய் நடுவுல எடம் வுட்டு ஒக்காந்துச்சுங்க. எந்த லோடு வந்தாலும் இப்பவும் அப்படித்தான்.

போன வாரம் தைரியத்த வரவழைச்சிக்கினு அந்தக் காலி எடத்துல கைய வெக்கப் போனேன். மூவாயிரம் குஞ்சும் ஒண்ணா கத்துச்சி. வெடுக்குனு கைய இழுத்துட்டேன். உடனே கம்முனு ஆயிடுச்சிங்க.