கொண்டாக்டர் விடாத கார்

யுத்தத்தின் கடைசி வருடங்களில், கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜின் பின்னறையில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. அப்போது எனக்குப் புதுக் கலியாணம். பேசிச் செய்த கலியாணம்தான். யுத்தத்தால் தரைப்பாதை பூட்டியிருந்ததால் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்து கழுத்தை நீட்டினேன். கணவரோடு கதைக்கவே கூச்சமாக இருக்கும்.

கராஜ் அவருடையது. மின்சாரத்திலும் பெற்றோலிலும் ஓடும் ஹைபிரிட் கார்கள் அப்போதுதான் கொழும்பில் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. அவற்றைத் திருத்தும்போது பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். லொட்ஜ்களில் சோதனை போட்டுத் தமிழ்ப் பெடியன்களைப் பிடிக்கிறார்கள் என்று பயந்து உதவியாளர் தன் ஊரான ஹட்டனுக்குப் போய்விட்டதால், அந்த வேலை எனக்கு வந்தது. நுனியில் கொக்கி வைத்த மரக்கம்பு ஒன்றைத் தந்தார்.

"எனக்குக் கரண்ட் அடிச்சா கையால தொடாதேயும். இதால இழுத்துவிடும்."

காரின் சாவியை அணைத்ததும் பின்பக்கத்திலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வரும். கொண்டாக்டர் என்ற பெரிய சுவிட்ச் பட்டரியைத் துண்டிக்கும் சத்தம் அது என்று சொல்லியிருந்தார். கம்போடு சும்மா நிற்கும் எனக்கு அதைக் கேட்பதே பொழுதுபோக்கு.

அன்று கிராண்ட்பாஸ் துணி வியாபாரி ஒருவரின் கார் வந்திருந்தது. இருட்ட முன் செக்பொயின்ற்களைத் தாண்டி வீட்டுக்குப் போக வேண்டுமென்று அவர் அவசரப்படுத்தினார். டிக்கியில் பட்டரியைப் பிரிக்கும் பாதுகாப்பு பிளக் ஒன்று உண்டு. வழமையாக இவர் முதலில் அதைத்தான் கழற்றுவார். அன்று டிக்கி நிறையத் துணிப் பொதிகள். சாவியை மட்டும் அணைத்துவிட்டு, பொனட்டைத் திறந்து வேலையைத் தொடங்கினார். நட்டு வழுக்குகிறது என்று றப்பர் கையுறையையும் கழற்றிவிட்டார்.

"அந்த 'டக்' சத்தம் வரேல்லை," என்றேன்.

"ரோட்டுச் சத்தத்தில உமக்குக் கேட்டிருக்காது."

ஷெல் எந்தப் பக்கம் விழுகிறதென்று கேட்டுக் கேட்டு வளர்ந்த காது இது. "இல்லை, வரேல்லை. கையை வைக்காதேங்கோ!"

அவர் மின்சாரப் பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டு உள்ளே கையை நீட்டினார். என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. கொக்கியை அவருடைய இடுப்புப் பெல்ற்றில் மாட்டி ஒரே இழுவை. அவர் பின்பக்கமாக நிலத்தில் விழுந்தார். வியாபாரி வாயைப் பிளந்தபடி பார்த்தார்.

இவர் கோபத்தோடுதான் எழும்பினார். ஆனாலும் கையுறையைப் போட்டுக்கொண்டு மீற்றரை வைத்தார். இருநூறு வோல்ற்றுக்கு மேல் காட்டியது. கொண்டாக்டர் உருகி ஒட்டிப்போய்க் கிடந்திருக்கிறது.

மீற்றரைக் கீழே வைத்தார். வியாபாரி தானாகவே போய்ப் பொதிகளை இறக்கத் தொடங்கினார். இவர் என் பக்கத்தில் வந்து, அவ்வளவு பேர் போய்வரும் ரோட்டோரத்தில், என் கையைப் பிடித்தார்.

"பயந்திட்டீரோ?"

"நீங்கள்தான் நடுங்குறியள்," என்றேன். பிறகு இரண்டு பேருமே அழுதுவிட்டோம்.

தங்கள் ஆட்களைக் காப்பாற்ற ஒரு நொடிகூடக் கிடைக்காமல் எத்தனையோ பெண்கள் நின்ற வருடங்கள் அவை. எனக்கு அந்த நொடி கிடைத்தது என்பதை நினைத்து, இன்றும் அவர் சாப்பிட வந்து உட்காரும்போது சும்மா ஒருதரம் அவர் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.