இடக்கைப் பிணைப்பு

தன் கை செய்த வேலைக்கு ஒரு மனிதன் எத்தனை வருஷம் வரை பொறுப்பு? பெரும்பாலோருக்கு இந்தக் கேள்வி எழுவதே இல்லை. வேலை கண்ணைவிட்டுப் போகிறது, செய்தவனும் மறந்துவிடுகிறான். ஓரிக்கை சாலையில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் குமரகுருவுக்கு, ஐம்பத்து மூன்றாவது வயதில், அது ஒரு வெள்ளை டாக்ஸியோடு கடை வாசலுக்கே வந்து நின்றது.

அவரைப் பெரிய கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது. அவரைவிட வேகமாக வேலை முடிப்பவர்கள் காஞ்சிபுரத்தில் நாலு பேராவது உண்டு. அவரிடம் இருந்தது ஒரு பிடிவாதம்தான்: பழுதைத் தன் கண்ணால் பார்க்காமல் எந்தச் சாமானையும் மாற்ற மாட்டார். அதனால் வண்டிகள் இரண்டு நாள், மூன்று நாள் என்று கடையில் நிற்கும். வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே காத்திருப்பார்கள்.

இருபத்து நான்கு வயதுவரை அவர் வீட்டில் தறி வேலை செய்தவர். தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்வரிசையான பாவு ஒன்று நெய்து முடிந்ததும் அதன் ஒவ்வோர் இழை நுனியோடும் புதுப் பாவின் இழையை விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். பிணைப்பது என்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள், விரல் வழுக்காமலிருக்க அவ்வப்போது சாம்பலைத் தொட்டுக்கொள்ள வேண்டும். குமரகுருவுக்கு இடக்கைப் பழக்கம். எல்லோர் முறுக்கும் ஒரு பக்கம் விழுந்தால் அவருடையது எதிர்ப்பக்கம் விழும். அப்பா மாணிக்கவாசகம் சில நாள் திட்டினார். இழை அறாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். பிறகு குமரகுரு வண்டி வேலைக்குப் போனார். தம்பி தறியில் உட்கார்ந்தார். இருவருக்கும் இதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

வெள்ளை டாக்ஸி பிரேம்நாத்துடையது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஸ்டாண்டில் ஓட்டுகிறவர். வேறொருவரிடமிருந்து வாங்கிய பழைய வண்டி. ஓடிக்கொண்டிருக்கும்போதே டாஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரியும், கொஞ்ச தூரம் போனதும் அணைந்துவிடும். பேட்டரியை மாற்றினார், சரியாகவில்லை. மணிவண்ணன் என்ற எலக்ட்ரீஷியன், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையே புதிதாக மாட்டிக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில், சவாரியோடு, வண்டி படுத்துவிட்டது.

மணிவண்ணன் பழைய சாமானுக்குப் பெயின்ட் அடித்து மாட்டிவிட்டான் என்று பிரேம்நாத் ஸ்டாண்டு முழுக்கச் சொன்னார். அதன்பிறகு ஸ்டாண்டு வண்டி ஒன்றுகூட மணிவண்ணன் கடைப்பக்கம் போகவில்லை. மணிவண்ணன் சாமான் வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டாண்டுக்கே வந்தார். வாய்ச்சண்டை முற்றியபோது டிரைவர் உதயகுமார் குறுக்கே புகுந்தார்.

"குமரகுரு அண்ணன் பாக்கட்டும்பா. லேட்டு பண்ணுவாரு, ஆனா பொய் சொல்ல மாட்டாரு."

"எவ்ளோ லேட்டு? என் பொண்ணு கல்யாணத்துக்குள்ள சொல்லிடுவாரா?" என்றார் பிரேம்நாத்.

"உன் பொண்ணு எல்கேஜிதானே படிக்குது? டைம் இருக்குது, போ."

மணிவண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "என் சாமான் டூப்ளிகேட்டுன்னு அந்தாளு சொல்லட்டும். அன்னிக்கே கடைய மூடிக்கினு போயிடறேன்" என்றார்.

வண்டி குமரகுரு கடைக்கு வந்த முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இன்ஜின் ஓட, மீட்டர் பதினான்கு வோல்ட் காட்டியது. விளக்கு, ஏசி எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார், பெரிதாக இறங்கவில்லை.

"உங்களப் பாத்ததும் நல்ல புள்ள மாதிரி நடிக்குதுண்ணே" என்றார் பிரேம்நாத்.

"நடிக்கட்டும். எவ்ளோ நேரம் நடிக்கும்?"

மறுநாள் மீட்டரின் ஒயர்களை நீட்டி வண்டிக்குள் கொண்டுவந்து, மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தார். பிரேம்நாத் ஓட்டினார். முக்கால் மணி நேரம் சுற்றியபின், திருப்புட்குழியில் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது எண் சட்டென்று பன்னிரண்டுக்கு விழுந்தது. பேட்டரி விளக்கு எரிந்தது.

"அண்ணே! பாத்தீங்களா, பாத்தீங்களா!"

"நான் பாத்துக்கினுதான் இருக்கேன். நீ ரோட்டப் பாருப்பா."

அடுத்த மேட்டில் எண் பழையபடி ஏறிவிட்டது.

கடைக்குத் திரும்பியதும் சூடு ஆறுவதற்குள் வேலையைத் தொடங்கினார். இன்ஜினை ஓடவிட்டு மூங்கில் குச்சியால் ஆல்டர்னேட்டரைச் சுற்றிலும் தட்டினார். எண் அசையவில்லை. பிறகு அதற்குப் போகும் ஒயர்களைச் சாண் சாணாக அழுத்திக்கொண்டே வந்தார். பேட்டரிக்குக் கீழே, பழைய டேப் சுற்றிய இடத்தில் குச்சி பட்டதும் எண் விழுந்தது. எடுத்தால் ஏறியது. மூன்று முறை செய்து பார்த்துவிட்டு இன்ஜினை நிறுத்தினார். பிரேம்நாத் டீ குடிக்கப் போயிருந்தார். குமரகுரு டேப்பைப் பிரித்தார்.

ஆல்டர்னேட்டரை வேலை செய்யச் சொல்லி உத்தரவு கொண்டுபோகும் மெல்லிய ஒயர் அது. நடுவில் அறுந்து, ஈயம் உருக்கி வைக்காமல், வெறுமனே முறுக்கிச் சேர்த்திருந்தது. செம்பு பச்சைபிடித்திருந்தது. இழைகளுக்கு நடுவே சாம்பல். முறுக்கு எதிர்ப்பக்கம் விழுந்திருந்தது.

சாம்பல் தொட்டு ஒயர் முறுக்கும் பழக்கத்தை அவர் விட்டுப் பல வருஷமாகிறது. ஆனால் அந்த நாள் ஞாபகம் வந்தது. பதினோரு வருஷத்துக்கு முன், வைகாசியில், தேர் ஓடிய நாள். தேருக்காகக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். கரண்டு இல்லாமல் ஈயத்தை உருக்கி வைக்க வழியில்லை. எலி கடித்த ஒயரோடு இந்த வண்டியைக் கொண்டுவந்தவர் அவசரம் என்றார். இப்போதைக்கு முறுக்கிவிடுகிறேன், நாளைக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். வண்டிக்காரர் திரும்பி வரவில்லை. குமரகுருவும் தேடிப் போகவில்லை.

பத்து நிமிஷத்தில் வெட்டி, ஈயம் வைத்து, டேப் சுற்றிவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் என்ன பழுது என்று ஸ்டாண்டில் கேட்பார்கள். ஒயரில் கோளாறு என்றால், கடைசியாக அங்கே கை வைத்தது யார் என்று அடுத்த கேள்வி வரும்.

அந்தக் கேள்வி அவர் நினைத்ததைவிடச் சீக்கிரமே வந்தது. டீ குடித்துவிட்டு வந்த பிரேம்நாத் குனிந்து பார்த்தார்.

"த்தூ! இப்பிடியா முறுக்கி வெப்பான்? மணிவண்ணன் வேலைதானேண்ணே இது?"

குமரகுரு நிமிர்ந்தார். கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"வண்டிய எடு. ஸ்டாண்டுக்குப் போலாம். அதத் தொடாத, அப்பிடியே இருக்கட்டும்."

ஸ்டாண்டில் பானட்டைத் திறந்து எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"மணிவண்ணன் மாட்டின சாமான்ல ஒரு கோளாறும் இல்ல. கோளாறு இந்த ஜாயின்ட்ல இருக்குது. இது என் கை. நான்தான் போட்டேன்."

எல்லோரும் குனிந்து அந்த முறுக்கைப் பார்த்தார்கள். உதயகுமார்தான் கேட்டார்: "எப்ப போட்டதுண்ணே?"

"பதினோரு வருஷம் ஆவுது."

"அப்ப வாரண்டி முடிஞ்சிடுச்சி, உடுங்கண்ணே!"

எல்லோரும் சிரித்தார்கள். குமரகுரு சிரிக்கவில்லை. தேரையும் கரண்டையும் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

பிரேம்நாத் அன்றே மணிவண்ணன் கடைக்குப் போய்த் தப்பாகப் பேசிவிட்டதாகச் சொன்னார். மணிவண்ணன் ஸ்பேனரைக் கீழே வைக்காமலே கேட்டார்: "பத்து பேரு முன்னாடி பேசிட்டு, தனியா வந்து வாபஸ் வாங்கறியா? ஸ்டாண்டுல சொல்லுய்யா." மறுநாள் பிரேம்நாத் ஸ்டாண்டிலேயே சொன்னார். அந்த வாரத்திலிருந்து வண்டிகள் பழையபடி மணிவண்ணனிடம் போகத் தொடங்கின.

குமரகுரு, ஜாயின்டை ஸ்டாண்டில் காட்டிய அன்று சாயந்திரமே அந்த ஒயருக்கு ஈயம் வைத்துக் கொடுத்தார். சார்ஜ் சம்பந்தமாக அவர் செய்த கடைசி வேலை அதுதான். ஹாரன், வைப்பர், முன்விளக்கு, ஸ்டார்ட்டர் எல்லாம் இப்போதும் பார்க்கிறார். பேட்டரி லைட் எரிகிறது என்று யாராவது சொன்னால் மட்டும், "மணிவண்ணன் கிட்ட போப்பா" என்கிறார். உங்களுக்குத் தெரியாத வேலையா அது என்று மனைவி புவனேஸ்வரி கேட்டுப் பார்த்து அலுத்துவிட்டார். ஒருநாள் மணிவண்ணனே நேரில் வந்து, ஸ்டாண்டு வண்டிகள்தான் திரும்ப வந்துவிட்டனவே, இன்னும் ஏன் இப்படி அனுப்புகிறீர்கள் என்று கேட்டார். குமரகுரு ஸ்டூலை நகர்த்தி உட்காரச் சொன்னார், இரண்டு டீக்குச் சொன்னார், அதன்பிறகு ஏதோ ஒரு வண்டியின் ஹாரனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.