மோகனா வராத மூன்று நாள்

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பத்தொன்பது வருடம் பிள்ளைமடுவப் பொறுப்பாளராக இருந்தேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும், அவர்களின் வளர்ச்சியைக் கார்டில் பதிவதும் என் வேலை. அதில் நான் செய்த ஒரு பிழையைப் பற்றி, புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

மோகனாவுக்கு இரண்டேகால் வயது. ஒரு சொல்கூடப் பேசவில்லை. எது வேண்டுமென்றாலும் என் கையைப் பிடித்து இழுத்துப் போவாள். ஒருநாள் அவளுக்குப் பின்னால் தகர வாளி விழுந்து உருண்டது. மற்றப் பிள்ளைகள் அலறினார்கள். அவள் பாட்டுக்குக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மாலையில் அவளுடைய அம்மா செல்வி வந்ததும், நான்கைந்து தாய்மார் நிற்கும்போதே சொல்லிவிட்டேன்.

"புள்ளைக்குக் காது கேக்கல போல செல்வி. டாக்டர்கிட்ட காட்டணும்."

"எம்புள்ளைய ஊமைன்னு சொல்றீங்களா டீச்சர்? அவ அப்பாவே மூணு வயசுலதான் பேசுனாரு!"

அடுத்த மூன்று நாள் மோகனா வரவில்லை. செல்வியும் வேலைக்குப் போகவில்லை.

நான்காம் நாள் செல்வி குடியிருந்த லயத்துக்குப் போனேன். "எல்லார் முன்னாலயும் சொன்னது என் தப்புதான்" என்றேன். செல்வி தேத்தண்ணி ஊற்றினாள். பிள்ளை எங்களுக்கு முதுகு காட்டி விளையாடிக்கொண்டிருந்தது.

"நீயே கூப்பிட்டுப் பாரு" என்றேன்.

கூப்பிட்டாள். மூன்றாவது முறை கத்தினாள். பிள்ளை திரும்பவில்லை. செல்வி அப்படியே உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எப்ப போகணும்?" என்றாள்.

செல்விக்கு லீவு கேட்டபோது, மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா முகம் சுளித்தார். "மலை பூரா கொழுந்து கெடக்கு, இப்பவா?"

"கொழுந்து அடுத்த வாரமும் வருங்கையா. புள்ளைக்கு இந்த வயசு திரும்ப வராது" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, போயிட்டு வாங்க" என்றார்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் பலமுறை சோதித்தார்கள். இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு. டாக்டர் சிங்களத்தில் சொன்னதை நான் செல்விக்குத் தமிழில் சொன்னேன்: "காதுல கருவி வச்சா கேக்குமாம். நேரத்தோட வந்தது நல்லதாம்."

முதல் வாரங்களில் மோகனா கருவியைப் பிடுங்கி எறிந்தாள். பேச்சுப் பயிற்சி தருகிற மிஸ் சொன்னபடி, செல்வி பிள்ளையின் முகத்துக்கு நேரே குனிந்து ஒவ்வொரு பொருளாகப் பெயர் சொன்னாள். ஐந்தாம் மாதம் ரொட்டியைப் பார்த்து மோகனா "தா" என்றாள். இப்போது "அம்மா வா" என்கிறாள். இன்னும் நிறைய வரவேண்டும், வரும்.

நான் கற்றது இதுதான்: கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். தாயிடம் தனியாகச் சொல்ல வேண்டும். ஆனால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

போன மாதம் செல்வி, மேல் லயத்துப் பெண் ஒருத்தியையும் இன்னும் பேச்சு வராத அவளுடைய மகனையும் என் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். அந்தப் பெண் வாசலிலேயே தயங்கி நின்றாள்.

"பயப்படாம உள்ள வா" என்றாள் செல்வி. "கிளினிக்குக்கு நானும் கூட வர்றேன்."