கொட்டகை மண்ணில் முப்பது பாகை

அகத்தா அக்கா பாலிங் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவர். அங்கே வாத்தியார் கரும்பலகைக் கவராயத்தாலேயே அடிப்பாராம். மையம் மறந்தால் ஓர் அடி. ஆரத்தையும் விட்டத்தையும் மாற்றிச் சொன்னால் இரண்டு. நாணுக்கும் வில்லுக்கும் வேறுபாடு தெரியாவிட்டால் முட்டி வீங்கும்வரை. "செத்தாலும் மறக்காத மாதிரி அடிச்சாருலா" என்று சிரிப்பார். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். அந்தச் சொற்களை அவர் வாயால்தான் கேட்டேன்.

சிடாம் கிரிப் பக்கத்து எங்கள் ரப்பர்த் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். புருஷன் மரியராஜ் லாரியில் அடிபட்டுச் செத்தபின், இரண்டு பெண்பிள்ளைகளோடு பால்மரம் வெட்டிப் பிழைத்தார். நான் வெட்டும் மர நிரைக்கு அடுத்த நிரை அவருடையது.

1976இல் அந்த நிரை மரங்களில் வெட்டுவதற்குப் புதுப்பட்டை திறந்தார்கள். வெட்டுக்கோடு மரத்தின் பாதிச் சுற்றுக்கு முப்பது பாகை சரிய வேண்டும். சரிவு குறைந்தால் பால் கோட்டை விட்டு வழிந்துவிடும். கோடு போடும் அளவுத் தகரம் துருப்பிடித்துப் போனதால், எங்களை மேய்க்கும் மண்டோர் சின்னையா பிஸ்கட் டின்னை வெட்டிக் கண்மதிப்பில் ஒன்று செய்தார். அதை வைத்தே எல்லா மரத்திலும் கோடு போட்டார்.

பால் வழிந்தது. பால் பிடிக்கும் மங்கு பாதிகூட நிறையவில்லை. அகத்தாவுக்கு வெட்டத் தெரியவில்லை என்று மண்டோர் ஆபீசில் சொல்லிவிட்டார். அன்று மத்தியானம் பால் நிறுக்கும் கொட்டகை முன்னால் அக்காவின் உளியைப் பிடுங்கி எறிந்தார்.

"இன்னையோட உனக்கு நிரை இல்ல. லயத்து வீட்டக் காலி பண்ணு."

"புள்ளைங்கள எங்க கூட்டிப் போவேன்? தகரம்தான் தப்பு, மண்டோரே. காட்டுறேன்."

மண்டோர் அறைந்தார். அக்கா உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தார். குச்சி ஒன்றைக் குத்தி, வாளிக்கயிற்றைக் கட்டி வட்டம் போட்டார்.

"என்னாடி கோலமா? வேதக்காரிக்கு ஏதுடி கோலம்?"

அக்கா நிமிரவில்லை. அதே கயிற்று நீளத்தால் பரிதியை அளந்துகொண்டே போனார். சரியாக ஆறு முறை. அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளை மையத்தோடு சேர்த்து, "அறுபது பாகை" என்றார். அதைப் பாதியாக்க இரு புள்ளிகளிலிருந்தும் வில் போட்டார். வில்கள் வெட்டிய இடத்துக்கு மையத்திலிருந்து கோடு இழுத்தபோது, வாளி தூக்கும் காண்டாக் கம்பை மண்டோர் அவர் கைமேல் இறக்கினார். விரல் ஒடிந்தது எனக்குக் கேட்டது. அக்கா அலறினார், குச்சியை இடது கைக்கு மாற்றினார். அடுத்த அடி தோளில். கோடு முடிந்தது.

கம்பு மறுபடி உயர்ந்தபோது, எங்களோடு மரம் வெட்டும் பிச்சையம்மாள் பால்வாளியால் மண்டோர் முகத்தில் அடித்தாள். பல் தெறித்தது. நாங்கள் நாலு பேர் மேலே விழுந்து உதைத்தோம்.

மண்டோர்களுக்கு மேலாளான தோட்டக் கண்டக்டர் குலசிங்கம் ஐயா ஓடிவந்து விலக்கினார். "என்ன கூத்து இது? ஆர் இந்தக் கோட்டைக் கீறினது?"

"நான்தாங்கய்யா. முப்பது பாகை. அவரு தகரத்த வச்சுப் பாருங்க."

ஐயா குந்தி, தகரத்தின் மூலையை மையத்திலும் அடிவிளிம்பை அறுபது பாகையின் கீழ்க்கோட்டிலும் வைத்தார். சாய்வு விளிம்பு அக்கா போட்ட முப்பது பாகைக் கோட்டுக்கு மூன்று விரற்கடை கீழேயே நின்றது.

"இதால எத்தினை மரம் கீறினீர், சின்னையா?"

"முன்னூறு" என்று மண்டோர் ரத்தத்தைத் துப்பினார்.

நிரையும் லயமும் அக்காவுக்கே நின்றன. மண்டோரை அடுத்த டிவிஷனுக்கு மாற்றினார்கள். அங்கேயும் அவர் மண்டோர்தான். அக்காவின் இரண்டு விரல்கள் பிறகு மடங்கவே இல்லை. கட்டு அவிழ்த்த வாரமே, முன்னூறு மரத்திலும் சரியான கோடு போட அவரைத்தான் அனுப்பினார்கள். ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவே அவர் கையை உதறிக்கொண்டே நடந்தார்.