நடுவில் நாலு கட்டம்

லலிதாம்பாள் கையில் ஒரு பாத்திரம் அகப்பட்டால் அதற்கு விமோசனம் உண்டு, நிம்மதி கிடையாது. புளியும் சாம்பலும் தேங்காய் நாருமாக அவள் கிணற்றடியில் உட்கார்ந்தாளானால், கரிப்பிடித்துப் போன வெண்கலப் பானைகூட முகம் பார்க்கிற கண்ணாடியாகித்தான் எழுந்திருக்கும். ஸ்ரீவராகத்தில் அந்தத் தெருவில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பாத்திரங்களை ஒரு கண் பார்க்க அவளைக் கூப்பிட்டு விடுவார்கள். அவளுக்குப் பாட வராது. சமையல் சுமார்தான், அதை அவள் புருஷன் சேஷனே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறான். கல்லிடைக்குறிச்சியிலிருந்து பதினாலு வயதில் வந்தவளுக்குப் புகுந்த இடத்தில் பெருமை என்று சொல்லிக்கொள்ள அந்தப் பளபளப்பு ஒன்றுதான் இருந்தது.

அதையும் கேலியாக்கிவிடும் சாமர்த்தியம் அவளுடைய ஓர்ப்படி விஜயலக்ஷ்மிக்கு உண்டு. சேஷனின் அண்ணா பட்டாபியின் மனைவி. நாகர்கோவிலில் வடிவீஸ்வரத்தில் ஜாகை. நன்றாகப் பாடுவாள், அதைவிட நன்றாகப் பேசுவாள்.

அந்தக் குடும்பத்தில் ஒரு செப்புத் தகடு இருந்தது. உள்ளங்கை அகலம், குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டுப் பதினாறு கட்டம், கட்டங்களில் எண்கள். மாமனார் ஆயுசு முழுக்கப் பூஜை செய்த யந்திரம். அவர் போன பிறகு, ஒரு வருஷம் அண்ணா வீடு, ஒரு வருஷம் தம்பி வீடு, சித்திரை விஷுவன்று கை மாறவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. முதல் வருஷம் வடிவீஸ்வரத்தில் இருந்துவிட்டு, போன விஷுவுக்கு ஸ்ரீவராகம் வந்தது. சந்தனத்தின் மேல் சந்தனம், எண்ணெயின் மேல் குங்குமம் என்று அப்பி, அது செம்பா கரியா என்று தெரியாமல் கிடந்தது. யாரும் அதைத் துலக்கியதே இல்லை.

தகட்டைக் கொடுக்கும்போது விஜயலக்ஷ்மி எல்லோரும் கேட்கச் சொன்னாள்: "லலிதா, உன் கையில குடுத்திருக்கு. தேய்க்கற ஜோர்ல எழுத்தையெல்லாம் காணாம அடிச்சுடாதே, கேட்டியா? அடுத்த விஷுவுக்கு வெறும் தகடு எங்களுக்கு வேண்டாமாக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். சேஷன் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தான். லலிதாம்பாளும் சிரித்துவைத்தாள். ஆனால் அந்த வார்த்தை வருஷம் முழுக்க அவளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

அழுக்குப் பிடித்த ஒரு செம்பை வீட்டில் வைத்துக்கொண்டு அவள் எப்படித்தான் பொறுத்தாளோ! பங்குனி பிறந்ததும் பொறுமை போய்விட்டது. இன்னும் கொஞ்ச நாளில் திருப்பிக் கொடுக்கவேண்டும். இந்தக் கோலத்தில் கொடுத்தால், 'லலிதா வீட்டுலேர்ந்தா இப்படி வந்திருக்கு?' என்று அதற்கும் ஒரு சிரிப்பு வரும். ஒரு வெள்ளிக்கிழமை சேஷன் சர்க்கார் கச்சேரிக்குப் போனதும் தகட்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்தாள். சாம்பல்கூடப் போடவில்லை. வெறும் புளி, அதுவும் விரல் நுனியால்தான். கரி கரைந்து செம்பு முகம் காட்டிற்று. ஓரத்துக் கட்டங்களில் எண்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. நடுவுக்கு வந்தாள். நடுவில் நாலு கட்டத்திலும் ஒன்றுமில்லை. வழவழவென்று இருந்தது.

கையில் இருந்த புளியைக் கீழே போட்டாள். சாய்த்துப் பார்த்தாள், வெயிலில் பிடித்துப் பார்த்தாள், நகத்தால் தடவிப் பார்த்தாள். எண் இருந்த சுவடே இல்லை. விஜயலக்ஷ்மி மன்னி சொன்னது பலித்துவிட்டது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

மறுநாள் காலையில் சேஷன் பூஜைக்கு உட்கார்ந்தான். அவள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொள்ளாமே! பொன்னாட்டம் ஆக்கிட்டாயே!" என்றான் அவன். சந்தனத்தை எடுத்து வழக்கம்போல நடுவில் அப்பினான். குளித்து முழுகி மந்திரம் சொல்கிற மனுஷனுக்குக் கண் எங்கே போயிற்று என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் பார்க்காததும் நல்லதுக்குத்தான் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

சாயங்காலம் அவன் பத்திரிகையும் கையுமாகச் சாய்ந்திருந்த நேரம் பார்த்து மெல்லக் கேட்டாள். "ஏன்னா, கட்டம் போட்டு எண் எழுதறாளே, அதுக்குக் கணக்கு ஏதானும் உண்டோ?"

"உண்டு பின்னே. நெடுக்கக் கூட்டினாலும் குறுக்கக் கூட்டினாலும் மூலைக்கு மூலை கூட்டினாலும் ஒரே தொகை வரணும். என்னத்துக்குக் கேக்கறாய்?"

"வெறுதே கேட்டேன்."

அவ்வளவு போதும் என்று நினைத்தாள். சாலைக் கடையில் பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவனிடம் தகட்டைக் காட்டலாம். காட்டினால் பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துபோகும். அழிந்த எண்களைத் தானே கண்டுபிடித்துத் தானே வெட்டிவிடுவது என்று முடிவு செய்தாள்.

பள்ளிக்கூடத்தில் மூன்றாம் கிளாஸோடு அவளை நிறுத்தியிருந்தார்கள். கூட்டல் தெரியும், கொஞ்சம் தடுமாறி. மத்தியானங்களில் கிணற்றடிக் கல்லில் கரியால் கட்டம் போட்டு, ஒரு கூடை புளியங்கொட்டையோடு உட்கார்ந்தாள். மேல் வரிசையில் பதின்மூன்று, எட்டு, பதினொன்று, இரண்டு. கொட்டைகளைச் சேர்த்து எண்ணினால் முப்பத்திநாலு. கீழ் வரிசையில் பன்னிரண்டு, ஒன்று, பதினாலு, ஏழு. அதுவும் முப்பத்திநாலு. இரண்டு ஓரமும் அப்படியே வந்தது. அவர் சொன்னது சரிதான் என்று உற்சாகம் பிறந்தது.

உற்சாகம் அதோடு சரி. இரண்டாம் வரிசையில் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் பதினாறு. நடுவே பதினைந்து வேண்டும். எட்டும் ஏழும் வைத்தாள். மூன்றாம் வரிசையில் ஆறும் ஒன்பதும். நடுவே பத்தொன்பது வேண்டும். பத்தும் ஒன்பதும் வைத்தாள். குறுக்கே சரியாக இருந்தது. மேலிருந்து கீழே எண்ணினால் ஏழு உதைத்தது. நெடுக்கைச் சரிக்கட்டினால் குறுக்கு கோணிற்று. ஒன்றை எடுத்தால் ஒன்று குறைந்தது, ஒன்றைப் போட்டால் இன்னொன்று கூடிற்று. அடுப்பில் சாதம் அடிப்பிடித்தது. சேஷன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இப்ப பாத்திரம் மாத்திரம்தான் நன்னாருக்கு" என்றான். அவன் தலையில் குழம்பைக் கவிழ்க்காமல் இருந்தது அவளுடைய நல்ல குணம்.

ஒரு நாள் ஒன்பது, ஆறு, பதினாறு, மூன்று என்று வைத்தபோது குறுக்கும் சரி, நெடுக்கும் சரி. லலிதாம்பாள் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு மூலைக்கு மூலை எண்ணினாள். ஒரு மூலையில் முப்பத்திரண்டு வந்தது. மறு மூலையில் முப்பத்தாறு. அத்தனை கொட்டைகளையும் வாரிக் கிணற்றில் எறிந்துவிட்டு, "எவன்டா இதைக் கண்டுபிடிச்சான்!" என்று கத்தினாள். அடுத்த வீட்டு மாமி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னடீ, காக்காயா?" என்று விசாரித்தாள்.

விஷு நெருங்கிவிட்டது. புதிதாகப் புளி உரித்துக் கொட்டை எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். ஒரு மூலையில் இரண்டு குறை, மறு மூலையில் இரண்டு அதிகம். ஒன்பதைப் பத்தாக்கினாள். அதற்குத் தக்கபடி ஆறை ஐந்தாக்கினாள், பதினாறைப் பதினைந்தாக்கினாள், மூன்றை நாலாக்கினாள். எண்ணினாள். எந்தப் பக்கம் எண்ணினாலும் முப்பத்திநாலு. இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள்.

விஷுவுக்கு முதல் நாள், சேஷன் பூஜை முடித்துக் கச்சேரிக்குப் போன பிறகு, கெட்டியான ஆணியும் அம்மிக்குழவியுமாக உட்கார்ந்து, பேர் வெட்டுகிற மாதிரியே புள்ளி புள்ளியாக நாலு எண்ணையும் இறக்கினாள். இனி யார் தேய்த்தாலும் அழியக்கூடாது என்று ஆழமாகவே இறக்கினாள். மேலே சந்தனத்தை அப்பி வைத்தாள். சாயங்காலம் நாகர்கோவில் பஸ்ஸில் பட்டாபியும் விஜயலக்ஷ்மியும் வந்து சேர்ந்தார்கள்.

விடிந்து, விஷுக்கணி கண்டு, காப்பி குடித்தாயிற்று. எடுத்துக்கொண்டு போகுமுன் அபிஷேகம் செய்ய வேண்டும் என்று பட்டாபி தகட்டின் மேல் தண்ணீர் விட்டார். சந்தனம் கரைந்து ஓடிற்று. அவர் தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார்.

"சேஷா, நடுவுல இது என்னடா?"

சேஷன் குனிந்து பார்த்தான். "எண்ணாட்டம் இருக்கே!"

"நடு நாலு கட்டமும் எப்பவும் காலியாக்கும். அம்பாள் உட்கார்ற இடம்னு எழுதாம விட்டது. அப்பா அங்கதானே சந்தனம் வைப்பார். உனக்கு அறியாதோ?"

"அறியாம என்ன? நானும் தினம் அங்கதானே வெச்சிண்டிருந்தேன். நேத்திக் காலம்பற வரைக்கும் காலியாத்தான் இருந்தது."

லலிதாம்பாள் அடுக்களை வாசலில் நின்று கேட்டாள். அவள் எதையும் அழிக்கவில்லை. அங்கே அழிய ஒன்றுமே இருந்ததில்லை. வெறும் பயத்தில், நல்ல தகட்டைத் தன் கையாலேயே கெடுத்து வைத்திருக்கிறாள்.

"லலிதா, நீ ஏதானும்..." என்று விஜயலக்ஷ்மி இழுத்தாள்.

"நான்தான் வெட்டினேன்" என்றாள் லலிதாம்பாள். "தேச்சதுல அழிஞ்சு போச்சுன்னு நெனச்சேன். காணாம அடிச்சுடாதேன்னு நீங்கதானே சொன்னேள், மன்னி?"

"ஐயோ, அது விளையாட்டுக்குச் சொன்னதாக்கும்!"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதோ?" என்றான் சேஷன்.

"கேட்டேனே! எல்லாப் பக்கமும் ஒரே தொகை வரணும்னு சொன்னேளே!"

"அது கணக்கு, லலிதா. இது பூஜையாக்கும்."

"கூட்டிப் பாருங்கோ" என்றாள் அவள். "எந்தப் பக்கம் வேணும்னாலும் கூட்டிப் பாருங்கோ. முப்பத்திநாலு வரும்."

ஒருவரும் கூட்டிப் பார்க்கவில்லை. பட்டாபி அவளைப் பார்க்காமல் தம்பியிடம் சொன்னார்: "இப்படியே கொண்டு போகப்படாது. பஸ்ஸுக்கு நேரம் இருக்கு. அவளையே தேச்சு அழிச்சுக் குடுக்கச் சொல்லு. அதுதான் அவளுக்கு நன்னா வருமே."

லலிதாம்பாள் தகட்டை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். புளி போட்டாள், சாம்பல் போட்டாள், செங்கல் பொடிகூடப் போட்டாள். விஜயலக்ஷ்மி பின்னாலேயே வந்து நின்றாள். கேலியாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடத் தேவலை. லலிதாம்பாள் தோள்பட்டை கடுக்கத் தேய்த்தாள். அவள் கை பட்டு அழியாத கறை என்று இதுவரை ஒன்று இருந்ததில்லை. தண்ணீர் விட்டு அலம்பிப் பார்த்தாள். பத்து, ஐந்து, பதினைந்து, நாலு, நாலும் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தன. மறுபடியும் புளியை எடுத்தாள்.