இருபத்து மூன்று கண்பட்டைகள்

அன்று காலை நடந்தவை, வரிசைப்படி:

1. திங்கட்கிழமை பள்ளிச் சபைக்கூடலில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் கடற்கொள்ளையர் நாடகம் போட்டார்கள்.
2. இருபத்து மூன்று பேருக்கும் இடது கண்ணை மூடும் கறுப்புப் பட்டை. தைத்தது நான்.
3. என் அக்கா மகள் மேடையில் போட்டிருந்த பெஞ்சின் மேல் நடந்து, பாயில் குதிக்க வேண்டும்.
4. அவள் பெஞ்சில் ஏறவில்லை. அதன் பக்கமாகவே நடந்துபோய், மேடை விளிம்பைத் தாண்டிக் கீழே விழுந்தாள்.
5. மண்டபம் சிரித்தது.

"டீச்சர், கப்பல் கவுந்திருச்சி!" என்று ஒரு பையன் கத்தினான். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. தாடை கிழிந்து சட்டையில் இரத்தம் இறங்கிய பிறகுதான் அடங்கியது.

நான் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. அக்காவுக்கு போர்ட் கிள்ளான் கிடங்கில் ஷிப்ட் என்பதால், பிள்ளையின் வீட்டுப்பாடமும் பள்ளிக்கூடக் காரியங்களும் என் பொறுப்பு. கிள்ளானில் ஃபெல்ட் துணி வாங்கி, மணிலா அட்டையில் ஒரே அளவு வெட்டி வைத்து, அதைப் பார்த்து இருபத்து மூன்றையும் வெட்டினேன். எல்லாம் இடது கண்ணுக்குச் சாய்வாக. ஞாயிற்றுக்கிழமை மாலைதான் முடிந்தது. அதனால் பிள்ளைகள் பட்டையோடு ஒத்திகை பார்க்கவில்லை.

அன்று மாலையே அக்கா மகளுக்கு ஒன்றைக் கட்டிவிட்டேன். உடனே வலது கண்ணுக்கு மாற்றிக்கொண்டாள். நான் திரும்ப இடதுக்கு இழுத்துவிட்டேன்.

"சின்னம்மா, இங்க போட்டா இருட்டா இருக்கு."

"கண்ணைக் கட்டினா இருட்டாத்தான் இருக்கும்லா. நீ கொள்ளைக்காரியா, இல்ல அழுமூஞ்சியா?"

அவள் சிரித்தாள். மறுபடி கேட்கவில்லை.

மறுநாள் மேடைக்கு, தனக்கு முன்னால் போன பிள்ளையின் சட்டையைப் பிடித்துக்கொண்டேதான் வந்தாள். வரிசை அழகாக இருக்கிறதென்று நான் கைப்பேசியில் படம் பிடித்தேன். அது இன்னும் இருக்கிறது.

தாடைக்கு நான்கு தையல். அவசரப் பிரிவில் நடந்ததைக் கேட்ட மருத்துவர் எங்களைக் கண் கிளினிக்குக்கு அனுப்பினார். அங்கிருந்த டாக்டரம்மா தமிழ்ப்பெண். பிள்ளையின் இடது கண்ணைக் கையால் மூடி, "எத்தனை விரல்மா?" என்றார். பதில் இல்லை. விரல்களை இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்தார். அப்போதும் இல்லை.

"போன வருசம் பள்ளிக்கூடத்துக்கு நர்ஸ் மிஸ்ஸி வந்து கண்ணு பாத்தாங்களே, எழுத்தையெல்லாம் எப்படிப் படிச்ச?" என்று கிடங்கிலிருந்து நேரே வந்திருந்த அக்கா கேட்டாள்.

"முன்னுக்கு நின்னவ சொன்னதையே சொன்னேன்." பிறகு அவள் டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்: "எல்லாருக்கும் ஒரு கண்ணுதானே தெரியும்? இன்னொண்ணு சும்மாதானே?"

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். பிறவியிலேயே வலது கண்ணில் அதிகப் பவர், மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தப் பழகவே இல்லை என்று விளக்கினார். "மூணு நாலு வயசுல வந்திருந்தா நல்ல வாய்ப்பு. இப்ப முயற்சி பண்ணலாம். உறுதி சொல்ல முடியாது."

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா காரை ஓட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "தினமும் பக்கத்துல உக்காந்து நீதானே படிச்சுக் குடுக்குற. உனக்குமா தெரியல?"

எனக்குத் தெரிந்தது ஒன்று உண்டு. அவள் புத்தகத்தைப் பார்க்கும்போதெல்லாம் தலையை ஒரு பக்கம் சாய்ப்பாள். ஒவ்வொரு முறையும் "நேரா உக்காரு" என்று சொல்லி, தலையைப் பிடித்து நிமிர்த்தியிருக்கிறேன்.

இப்போது கண்ணாடி போட்டிருக்கிறாள். வலது கண் பழகட்டும் என்று, பள்ளி விட்டு வந்ததும் நல்ல கண்ணின் மேல் நான் ஒட்டுப்பட்டை ஒட்டுகிறேன், தினமும் ஆறு மணி நேரம். அந்த நேரத்தில் சுவரைத் தொட்டுக்கொண்டுதான் நடக்கிறாள். வகுப்பில் அவளுக்குப் பெயர் கப்பல். நான்கு மாதம் ஆகிவிட்டது. இரண்டு முறை பரிசோதித்தார்கள். வலது கண்ணில் மாற்றம் இல்லை.